வியாழன் நடுவில் இல்லை

கெலிஓயா
3 பெப்ரவரி 2025

மதிப்பிற்குரிய பத்மாதேவி மேடத்துக்கு,

சனிக்கிழமை தொலைபேசியில் அச்சுப்படி பற்றி நீங்கள் பேசினீர்கள், நான் "ம்" போட்டேன். பேச்சு முடிந்த பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. எழுத்தில் வராத திருத்தம் உங்கள் அச்சகத்தில் எடுபடாது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். ஆகவே எழுதுகிறேன். இனி இந்தப் புத்தகம் பற்றிய எல்லாமே எழுத்தில் இருக்கட்டும்.

இங்கே புத்தகக் கடை வைத்திருக்கும் ஸமீம் நானா, கண்டியில் சரக்கு எடுத்துவரும்போது உங்கள் அச்சுப்படியையும் கொண்டுவந்து தந்தார். 'பனிக்கு அடியில் ஒரு கடல்' என் முதல் புத்தகம். மேல் அட்டையைக்கூட நான் பார்க்கவில்லை, நேரே 41ஆம் பக்கத்துக்குப் போனேன். வியாழன் கோளை யூரோப்பா என்ற நிலா சுற்றி வரும் பாதையை நான் நீள்வட்டமாக வரைந்து தந்திருந்தேன். உங்கள் படியில் அது அப்பழுக்கில்லாத வட்டமாக இருக்கிறது. வியாழன் அதன் நட்டநடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

மேடம், அந்த வட்டத்தால் நீங்கள் ஒரு கடலை உறைய வைத்துவிட்டீர்கள். நான் மிகைப்படுத்தவில்லை. யூரோப்பா சூரியனிலிருந்து எவ்வளவோ தூரத்தில் கிடக்கிறது. மேலே கல்லாக இறுகிய பனி. அதற்கு அடியில் கடல் இருப்பதாக விஞ்ஞானிகள் நம்புகிறார்கள். வெயில் எட்டாத இடத்தில் அந்தக் கடலை உறையாமல் வைத்திருப்பது எது? வியாழனின் இழுப்பு. நிலாவின் கிட்டிய பக்கத்தை அது பலமாக இழுக்கிறது, எட்டிய பக்கத்தைக் குறைவாக இழுக்கிறது. அதனால் நிலா நீண்டுபோகிறது. பாதையில் கிட்ட வரும்போது அதிகம் நீள்கிறது, விலகும்போது தளர்கிறது. மூன்றரை நாளுக்கு ஒரு தடவை இப்படி நீண்டு தளர்ந்து, உள்ளே உராய்ந்து, சூடாகிறது.

பாதை வட்டமாகி வியாழன் நடுவில் இருந்தால் தூரம் மாறாது. இழுப்பும் மாறாது. நிலா நீண்டது நீண்டபடி அசையாமல் நிற்கும். அசையாத பொருள் எங்கே சூடாவது? கடல் மெல்ல மெல்ல உறைந்துவிடும். நாற்பது பக்கமாக நான் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்ததை 41ஆம் பக்கம் பொய் என்கிறது.

படத்தை நான் வரைந்தபடியே போடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
நிலூஷா கறுப்பையா


கட்டுக்கலை, கண்டி
8 பெப்ரவரி 2025

நிலூஷா ரீச்சருக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. இந்த அச்சகத்தை நான் பொறுப்பெடுத்த நாளிலிருந்து என் மேல் பல குற்றம் சொல்லியிருக்கிறார்கள். கடலை உறைய வைத்தேன் என்று சொன்னவர் நீங்கள்தான்.

நடந்தது இதுதான். கணினியில் படம் போடுவது என் அக்கா மகன் அனோஜன். உங்கள் தாளை என்னிடம் கொண்டுவந்து, "சித்தி, இது முட்டையோ மாங்காயோ?" என்று கேட்டான். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. வட்டமாக்கச் சொன்னேன். புத்தகம் பார்க்க அழகாய் இருக்க வேண்டாமா?

இப்போது மாற்ற வழியில்லை. இந்தப் புத்தகத்துக்கு இரண்டு மை. எழுத்தும் கோடும் கறுப்பு, அது முதலில் ஓடும். காய்ந்த பிறகு தலைப்புகளுக்கும் வியாழனின் வட்டுக்கும் ஆரஞ்சு. நீங்கள் முதல் படியில் எழுத்துக்கெல்லாம் சம்மதம் சொன்னீர்கள், படங்கள் பிறகுதான் சேர்ந்தன. மெசின் சும்மா நின்றது, கறுப்பை ஓட்டி முடித்துவிட்டோம். ஆரஞ்சு மட்டும் மிச்சம். ஒரு கோட்டுக்காக அத்தனை தாளையும் நான் கொளுத்த முடியாது. மார்ச் 22ஆம் திகதி வெளியீடு. மண்டபம் எடுத்தாயிற்று, அழைப்பிதழும் போய்விட்டது.

உங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இவ்வளவு நுணுக்கம் தேவையா என்றும் யோசியுங்கள். வியாழன் என்று ஒன்று இருக்கிறது, அதைச் சுற்றி நிலாக்கள் போகின்றன என்று அறிந்தாலே பெரிய காரியம்.

ஒப்புதல் சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். கையொப்பம் இட்டு ஸமீமிடம் கொடுத்துவிடுங்கள்.

பத்மாதேவி


கெலிஓயா
12 பெப்ரவரி 2025

பத்மாதேவி மேடத்துக்கு,

சீட்டு என் மேசையில் வெறுமையாகக் கிடக்கிறது. அப்படியே கிடக்கும்.

'உங்கள் பக்கத்துப் பிள்ளைகள்' என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளைத்தான் அப்படிச் சொல்கிறீர்கள் என்று எனக்கு விளங்கும். அந்த மூன்று சொல்லைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. மறுநாள் அந்த 41ஆம் பக்கத்தை எடுத்துக்கொண்டு பத்தாம் வகுப்புக்குப் போனேன். ஒரு வார்த்தை சொல்லாமல் மேசையில் விரித்து வைத்தேன்.

இந்தப் பாடத்தைப் போன மாதம் கட்டுக்கம்பி கொண்டு நடத்தியிருந்தேன். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து, வளைத்த இடத்தை உதட்டில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். சுடும். வளைத்தபடி பிடித்துக்கொண்டே இருந்தால் ஆறிவிடும். யூரோப்பாவுக்கும் வியாழனுக்கும் உள்ள தூரமும் இப்படித்தான் கூடிக் குறையும் என்றேன். இதற்கு மேல் நான் ஒன்றும் விளக்கவில்லை. சிந்துஜா என்று ஒரு பிள்ளை இருக்கிறாள், கொஞ்சம் வாய் நீளம். படத்தைப் பார்த்ததும் கேட்டாள்: "டீச்சர், நீங்க தூரம் கூடிக் குறையும்னு தானே சொன்னீங்க. இதுல எல்லாப் பக்கமும் ஒரே தூரமா போட்டிருக்காங்க. அப்ப கடல் உறைஞ்சிருமே?"

தேவையா என்று கேட்டீர்களே, இதோ பதில்.

அவள் அதோடும் விடவில்லை. "இத்தன காலம் சுத்துதே, ஏன் டீச்சர் அது இன்னும் வட்டமாகாம இருக்கு?" என்றாள். நான் இந்தக் கேள்வியைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடத்தில்தான் கேட்டேன். யூரோப்பாவின் பாதை வட்டமாகிவிடத்தான் பார்க்கிறது. அக்கம்பக்கத்தார் விடுவதில்லை. உள்ளே அயோ என்ற நிலா. யூரோப்பா ஒரு சுற்று வருவதற்குள் அது இரண்டு சுற்று வந்துவிடும். வெளியே கனிமீட். அது ஒரு சுற்று வருவதற்குள் யூரோப்பா இரண்டு சுற்று. அவை முறை தவறாமல் சந்தித்து யூரோப்பாவைப் பிடித்து இழுத்துவிடுகின்றன. அடங்கி ஓரிடத்தில் கிட என்று யாரும் அதை விட்டுவைக்கவில்லை. அதனால்தான் அதற்குள் கடல் இருக்கிறது.

எனக்கும் அடங்கிக் கிடக்கும் எண்ணம் இல்லை. என் படத்தை என்னிடம் கேட்காமல் மாற்றினீர்கள். நான் பார்க்குமுன் ஓட்டினீர்கள். பிறகு கையொப்பம் கேட்கிறீர்கள். எங்களிடம் இப்படித்தான் எல்லாரும் கேட்பார்கள், எல்லாம் முடிந்த பிறகு.

அந்த வட்டத்தோடு புத்தகம் வெளிவருவதானால் என் பெயரை எடுத்துவிடுங்கள். கறுப்பு ஓடிவிட்டதென்றால், என் பெயருக்கு மேல் ஓர் ஆரஞ்சுப் பட்டை அடித்து மறையுங்கள். ஆரஞ்சுதான் மிச்சம் இருக்கிறதே.

நிலூஷா கறுப்பையா


கட்டுக்கலை, கண்டி
19 பெப்ரவரி 2025

நிலூஷா ரீச்சருக்கு,

ஆரஞ்சுப் பட்டை யோசனையை அனோஜனுக்கு வாசித்துக் காட்டினேன். அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

நானும் உயர்தர வகுப்பில் கணிதம் படித்தவள்தான். அச்சகம் என் கணவர் வழியாக வந்தது, கணக்கு எனக்கு முன்பே இருந்தது. அதனால் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். யூரோப்பாவின் பாதை எவ்வளவு கோணல் என்று அனோஜனைத் தேடச் சொன்னேன். வட்டம் என்றால் அந்த எண் சைபர். யூரோப்பாவுக்கு ஆயிரத்தில் ஒன்பது. இது உங்களுக்குத் தெரியாத எண்ணாக இராது.

பிறகு உங்கள் முட்டையை அளந்தேன். ஆயிரத்தில் அறுநூறு!

ரீச்சர், நீங்கள் வரைந்த பாதையில் போனால் யூரோப்பா பக்கத்து அயோவின் பாதையை வெட்டிக்கொண்டு உள்ளே புகுந்துவிடும். கடல் உறையாது, உண்மைதான். நிலாவே கொதித்துப்போகும். உண்மையான அளவுக்கு வரைந்தால், அந்தப் பாதையின் நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள வித்தியாசம் பேனாக் கோட்டின் தடிப்புக்குள் மறைந்துவிடும். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் வட்டம்தான். அனோஜன் அறியாமல் செய்தது சரி. நீங்கள் அறிந்து வரைந்தது பிழை.

என்னிடம் கேட்கவில்லை என்று கோபிக்கிறீர்கள். அந்தக் கோபம் நியாயம். ஆனால் நியாயமான கோபம் முட்டையை வட்டமாக்காது, வட்டத்தை முட்டையாக்கவும் செய்யாது. சீட்டை அனுப்புங்கள்.

பத்மாதேவி


கெலிஓயா
2 மார்ச் 2025

பத்மாதேவி மேடத்துக்கு,

பதில் தாமதமானதற்குக் காரணம் வெட்கம். உங்கள் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டேன், ஒவ்வொரு தடவையும் நீங்களே வென்றீர்கள். கரும்பலகையில் பின்வரிசை வாங்கில் இருக்கும் பிள்ளைக்கும் தெரிய வேண்டும் என்று பெரிதாக வரைந்து பழகி, அதே கையோடு புத்தகத்துக்கும் வரைந்துவிட்டேன். கோடு வட்டம்தான். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நீங்கள் கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். முழுவதும் போடுங்கள்.

பாதையின் வடிவம் வட்டத்திலிருந்து விலகுவது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வியாழன் நடுவிலிருந்து விலகுவது தெரியும். அந்த ஆயிரத்தில் ஒன்பது அங்கேதான் இருக்கிறது. வானத்தில் அது ஏறத்தாழ ஆறாயிரம் கிலோமீற்றர். உங்கள் பக்கத்தில் வட்டத்தின் ஆரம் ஏழு சென்ரிமீற்றர், ஆகவே அரை மில்லிமீற்றருக்குச் சற்று மேல். யூரோப்பா கிட்ட வந்து விலகுவது கோட்டின் கோணலால் அல்ல. வியாழன் நடுவில் இல்லாததால். அந்த அரை மில்லிமீற்றரில்தான் ஒரு கடல் முழுவதும் பிழைத்துக் கிடக்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். வியாழன் ஆரஞ்சு. ஆரஞ்சு இன்னும் ஓடவில்லை.

அனோஜனிடம் சொல்லி அந்த வட்டை மட்டும் அவ்வளவு தள்ளிவையுங்கள். நான் கேட்பது அரை மில்லிமீற்றர்தான். அதை நீங்கள் தராவிட்டால் நானும் கையொப்பம் தரமாட்டேன்.

நிலூஷா கறுப்பையா


கட்டுக்கலை, கண்டி
7 மார்ச் 2025

நிலூஷா ரீச்சருக்கு,

முடியாது.

ஏன் என்று சொல்லாமல் விட்டால் திமிர் என்று நினைப்பீர்கள். 41ஆம் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். வியாழனைச் சுற்றிக் கறுப்பில் மெல்லிய வெளிக்கோடு இருக்கிறது. அது ஓடியாயிற்று. அதற்குள் ஆரஞ்சு அச்சொட்டாக உட்கார வேண்டும். நீங்கள் சொல்கிறபடி தள்ளினால் ஒரு பக்கம் ஆரஞ்சு கோட்டைத் தாண்டி வழியும், மற்றப் பக்கம் வெள்ளைத் தாள் பல்லைக் காட்டும். பார்க்கிறவர்களுக்கு அது விஞ்ஞானமாகத் தெரியாது. கலர் விலகிய மட்டமான அச்சு என்றுதான் தெரியும்.

எங்கள் மெசினை ஓட்டுகிற ஹுதைபா திகனயிலிருந்து வருகிறவர். அவரைக் கூப்பிட்டு, "ஏலுமோ?" என்று கேட்டேன். "ஏலும் மிஸ். ஆனா மனசு வருதில்ல. நூலளவு விலகினாலும் தாளக் கிழிச்சிப் போடுற ஆள் நான். பாக்கிறவன் இந்த மெசின்காரனுக்குக் கண் இல்லயான்னுதான் கேப்பான்" என்றார்.

எனக்கும் ஒரு கதை இருக்கிறது. கணவர் போன பிறகு நான் பொறுப்பெடுத்த முதல் வருடம், கோயில் ஒன்றுக்கு முருகன் படம் போட்ட கலண்டர் அடித்தோம். சிவப்பு விலகிவிட்டது. முருகனின் உதடு கன்னத்தில் ஏறி இருந்தது. நிர்வாக சபைப் பொன்னுத்துரை ஐயா எல்லாவற்றையும் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து என் வாசலில் இறக்கினார். "பொம்பிளையள் கையில அச்சகம் போனா சாமிக்கே வாய் கோணும்" என்று தெருவே கேட்கச் சொன்னார். அன்றிலிருந்து என் அச்சகத்தில் கலர் விலகியதில்லை. இந்த வெளியீட்டுக்குப் பிரதம விருந்தினரும் அவர்தான்.

உங்களுக்கு ஒரு கடல் பிழைக்க வேண்டும். எனக்கு என் பெயர் பிழைக்க வேண்டும்.

பத்மாதேவி


கெலிஓயா
10 மார்ச் 2025

பத்மாதேவி மேடத்துக்கு,

முருகனின் உதடு விலகியது பிழை. ஏனென்றால் முருகனின் உதடு கன்னத்தில் இல்லை. வியாழன் நான் சொன்ன இடத்தில்தான் இருக்கிறது. அதைப் போய் நடுவில் உட்கார வைத்தால்தான் கலண்டர்ப் பிழை மறுபடி நடக்கும். இந்தத் தடவை யாரும் திருப்பிக் கொண்டுவர மாட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

பொன்னுத்துரை ஐயா சொன்னதைப் படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவருக்குப் பயந்தா நீங்கள் இத்தனை காலம் இவ்வளவு அழகாக அச்சடித்தீர்கள்? நான் அது உங்கள் ரோசம் என்று நினைத்திருந்தேன்.

வேண்டுமானால் படத்துக்குக் கீழே ஆரஞ்சில் ஒரு வரி சேருங்கள்: 'இது அச்சுப் பிழை அல்ல.' உங்கள் பெயரும் பிழைக்கும்.

வியாழன் நடுவில் இருந்தால் 22ஆம் திகதி நான் வரமாட்டேன். உங்கள் பதிலைப் பார்த்துத்தான் பஸ் ஏறுவேன்.

நிலூஷா


கட்டுக்கலை, கண்டி
24 மார்ச் 2025

நிலூஷாவுக்கு,

நீர் வரவில்லை. முன்வரிசையில் உம்முடைய பெயர் ஒட்டிய கதிரை கடைசிவரை வெறுமையாக இருந்தது. நான் பதில் போடாததால்தான் நீர் வரவில்லை என்பதும் எனக்குத் தெரியும். 'செய்கிறேன்' என்று எழுதினால் நீர் வென்றது மாதிரி ஆகிவிடும் என்று வீம்புக்கு எழுதவில்லை. ஆகவே நடந்ததை நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

'ரோசம்' என்று எழுதினீரே, அந்த வரியை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தேன். பிறகு எடுத்தேன். பிறகு அனோஜனைக் கூப்பிட்டு ஆரஞ்சுப் பிளேட்டை மாற்றச் சொன்னேன். முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த ஹுதைபா, நான் கம்பி வளைத்துக் காட்டியதும் மாறிவிட்டார். மெசின் ஓடும்போது உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு நின்று, வியாழன் நடுவில் வந்து விழுந்த தாள்களைப் பொறுக்கிக் கிழித்துப் போட்டார். "சரியா விலகி வரணும் மிஸ்" என்கிறார். அவரை இனித் திருத்த முடியாது.

மண்டபத்தில் பொன்னுத்துரை ஐயா பேச எழுந்தார். புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே பேசினவர், 41ஆம் பக்கத்தில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு சபைக்குத் தூக்கிக் காட்டி, "பத்மாதேவி, பழையபடி கலர் ஓடிப்போச்சுது போல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் எழும்பிப் போனேன். ஒலிவாங்கியை அவர் கையிலிருந்து எடுத்தேன். "ஓடேல்லை ஐயா. நான்தான் தள்ளி அடிச்சனான்" என்றேன்.

சிரிப்பு நின்றது. உம்முடைய புத்தகத்தை நான் எத்தனை தடவை வாசித்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கிட்ட வருவது, விலகுவது, அயோ, கனிமீட், கட்டுக்கம்பி எல்லாம் கடகடவென்று வந்தது. வியாழன் நடுவில் இருந்தால் கடல் செத்துப்போகும் என்றேன். ஐயா விடவில்லை. "அப்ப கீழ ஒரு குறிப்புப் போட்டிருக்கலாமே?" என்றார். "சரியாய் அடிச்சதுக்கு ஏன் குறிப்பு?" என்றேன்.

ஓம், உம்முடைய அந்த ஆரஞ்சு வரியை நான் போடவில்லை. அதைப் போட்டால் மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருக்கும். எவருக்கும் தெரியாவிட்டால் புத்தகத்தைப் படிக்கட்டும்.

'உங்கள் பக்கத்துப் பிள்ளைகள்' என்று நான் எழுதியது அசிங்கம். வாய் நீளமான அந்தப் பிள்ளைக்கு ஒரு பிரதியை என் பெயரெழுதி வைத்திருக்கிறேன், ஸமீமிடம் வரும்.

இனி ஒரு கேள்வி. கொழும்பில் இருந்தும் கேட்கிறார்கள், இரண்டாம் பதிப்பு அடிக்க வேண்டியிருக்கும். அடுத்த தடவை கறுப்பு வெளிக்கோட்டையும் ஆரஞ்சோடு சேர்த்துத் தள்ளிவிட்டால் படம் சுத்தமாக, அச்சொட்டாக இருக்கும் என்கிறான் அனோஜன். எனக்கும் கை துறுதுறுக்கிறது. ஆனால் படம் உம்முடையது. கோட்டைத் தள்ளட்டுமா, விடட்டுமா? நீர் எழுதும்வரை மெசின் சும்மா நிற்கும்.

பத்மாதேவி

சீட்டு இன்னும் உம்மிடம்தான் இருக்கிறது. எழுதினவரின் கையொப்பம் இல்லாமல் இங்கிருந்து வெளியே போன முதல் புத்தகம் இது.


கெலிஓயா
3 ஏப்ரல் 2025

அன்புள்ள பத்மாதேவி அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை ஸமீம் நானா கடை வாசலிலேயே நின்று படித்தேன். படித்துவிட்டு அழுதேன். யாரோ இறந்துவிட்டார்கள் என்று நானா பயந்துபோய், "யாராவது மௌத்தாப் போயிட்டாங்களா டீச்சர்?" என்று கேட்டார். இல்லை நானா, ஒன்று பிழைத்திருக்கிறது என்றேன். அவருக்கு விளங்கவில்லை, சோடா ஒன்றை உடைத்துக் கையில் தந்தார்.

அன்றைக்கு நான் வராதது தப்பு. நீங்கள் ஒலிவாங்கியைப் பிடுங்கியதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

கேட்டீர்களே, அதற்குப் பதில்: கறுப்புக் கோட்டை அசைக்க வேண்டாம். அது இருக்கிற இடத்தில் இருக்கட்டும். வியாழன் எங்கே இருக்கும் என்று எல்லாரும் நினைக்கிறார்களோ அங்கே கோடு இருக்கிறது. அது உண்மையில் எங்கே இருக்கிறதோ அங்கே ஆரஞ்சு இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். அச்சொட்டாக இருந்தால் பக்கத்தைத் திருப்பிவிட்டுப் போய்விடுவார்கள். உங்கள் கை துறுதுறுத்தால் வேறு கலண்டர் ஏதாவது அடியுங்கள்.

சீட்டில் கையொப்பம் இட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். புத்தகம் போன பிறகு சீட்டு வருவது உங்கள் அச்சகத்துக்கு முறையில்லைதான். ஆனால் இந்தத் தடவை நீங்கள் கேட்டீர்கள், நான் இட்டேன். அதுதான் முறை.

சிந்துஜாவுக்கு அவளுடைய பிரதியைக் கொடுத்தேன். உங்கள் பெயரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு நேரே 41ஆம் பக்கத்துக்குப் போனாள். "டீச்சர், கலர் வெளிய வந்திருச்சு" என்றாள். அவள் கொம்பாஸ் பெட்டியைத் திறந்து அடிமட்டத்தை எடுத்து, ஆரஞ்சு வட்டின் விளிம்பிலிருந்து பாதைவரை ஒரு பக்கம் அளந்தாள், மற்றப் பக்கம் அளந்தாள். நம்பாமல் மறுபடி அளந்தாள். வகுப்பு முழுவதும் அவள் மேசையைச் சுற்றி நின்றது.

"ஒரு பக்கம் தூரம் கூட இருக்கு டீச்சர்," என்றாள். "அப்ப உறையாது."

உறையாது என்றேன்.

உங்கள்,
நிலூஷா